சாவி, குடை, மேகம்

நீங்கள் கொடுத்த தாள்களில் கோடு இல்லை. முப்பத்தோரு வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவளுக்குக் கோடில்லாத தாளில் எழுதக் கை கூசும். அதனால் முதல் கால் மணி நேரம் உங்கள் மேஜையில் கிடந்த ஸ்கேலை எடுத்து வரிசையாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தீர்கள். இந்த அம்மா எழுதத் தயங்குகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். தயக்கம் ஒன்றுமில்லை. எனக்கு எல்லாம் மனப்பாடம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பென்சில் டாக்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகி வைத்திருப்பதால் நான் அவருக்கு வைத்த பெயர் அது. நரம்பியல் பிரிவில் எங்களைப் பார்த்த டாக்டரம்மா அவர்தான். என் கணவருக்கு மூளையில் ரத்தக்குழாய் வீக்கம் இரண்டாவது முறை வந்ததை அவர் கவனிக்கவில்லை, அவசரப்பட்டு மாத்திரையைக் குறைத்துவிட்டார், அதனால்தான் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார் என்று என் மகன் உங்கள் ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதியிருக்கிறான். அவன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான். போனில் நான் சொன்னதை வைத்து எழுதியிருக்கிறான், பாவம். அந்த டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. இந்த விசாரணை முடியும்வரை அவரை நோயாளிகளைப் பார்க்க விடவில்லை என்று கேள்விப்பட்டேன். செய்யாத தப்புக்கு ஒரு பிள்ளையை பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைப்பது என் வகுப்பில் கிடையாது.

என் கணவரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தார். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த டிரைவர் எத்தனை நிமிடம் தாமதம் என்று குறிக்கிற வேலை. டிரைவர்கள் அவருக்கு 'மணிக்கூண்டு' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வீட்டிலும் மணிக்கூண்டுதான். டீ இரண்டு நிமிடம் பிந்தினால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அடிக்க மாட்டார். அதை எழுதிக்கொள்ளுங்கள், ஒரு நாளும் கை நீட்டியதில்லை. ஆனால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. 'இந்தா', 'ஏய்', 'காது என்ன செவிடா', இவ்வளவுதான். நான் பேச ஆரம்பித்தால் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார். இருபத்தாறு வருடத்தில் அதுவும் பழகிப்போகும். பள்ளியில் நாற்பது பிள்ளைகள் டீச்சர் டீச்சர் என்று காலைச் சுற்றும்; வீட்டுக்கு வந்தால் நாற்காலி, மேஜை மாதிரி நானும் ஒரு சாமான்.

அவருக்குத் தலைவலி தொடங்கியது ஒரு மழைக்காலத்தில். மண்டைக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல இருக்கிறது என்பார். பக்கத்துத் தெரு டாக்டர் வேலைப்பளு என்றார், கண் டாக்டர் கண்ணாடியை மாற்றினார். இரண்டு மாதம் அப்படியே போனது. பிறகு ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"நீ சாப்பிட்டியா?"

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். சத்தியமாக. யாரோ வந்திருக்கிறார்கள், அவர்களைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். பின்னால் பாத்திரம் கழுவும் தொட்டிதான் இருந்தது.

அதன்பின் தினமும் கேட்டார். சாப்பிட்டியா, கால் வலிக்குதா, இன்னைக்குப் பிள்ளைங்க ரொம்பப் படுத்துச்சா. நான் பதில் சொன்னால் உட்கார்ந்து கேட்டார். நடுநடுவே வார்த்தை கிடைக்காமல் தடுமாறுவார், வீட்டுச் சாவியைச் சோப்புப் பெட்டிக்குள் வைப்பார், டிப்போவில் ஒரு பஸ்ஸை ஒரே நேரத்தில் இரண்டு தடவை அனுப்பியதாகக் குறித்துவிட்டார். அதற்கு மெமோ வந்தது. அந்த மெமோவை என்னிடம் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் இருவருக்கும் சேர்ந்து சிரித்துப் பழக்கமில்லாததால் எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை.

பிறகு இடது கை மரத்துப் போனது. உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். பென்சில் டாக்டர் முதல் நாளே, "எப்ப இருந்துமா மாறிட்டார்?" என்று கேட்டார்.

"மூணு மாசம் முன்னாடி ஒரு நாள், நீ சாப்பிட்டியான்னு கேட்டார் டாக்டர்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதையும் அப்படியே குறித்துக்கொண்டார். கெட்டிக்காரப் பெண் என்று அப்போதே நினைத்தேன்.

அவர் எதையும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்யவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதில் இருக்கக் கூடாத செல்கள் இருந்தன. கிருமியா என்று பார்த்தார்கள், இல்லை. ஸ்கேனில் மூளை முழுவதும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். ரத்தக்குழாய்க்குள் மருந்து விட்டுப் படம் எடுத்தபோது, குழாய்கள் ஓரிடத்தில் குறுகி ஓரிடத்தில் புடைத்து மணிமாலைபோல இருந்தன. இதேபோலத் தெரிகிற வேறு நோய்களும் உண்டு, அதற்கு வைத்தியமே வேறு என்று சொல்லி, கடைசியில் மண்டையோட்டில் சின்னத் துளை போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்தார். "உடம்பைக் காக்கிற காவல்காரனே வீட்டுக்குள்ள பூந்து குழாயை அடிச்சு வீங்க வச்சிருக்கான்மா" என்று எனக்கு விளக்கினார். நான் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிட நன்றாகச் சொன்னார்.

ஒவ்வொரு தடவையும் ஒரு பரீட்சை வைப்பார். உங்கள் நரம்பியல் பிரிவில் அதற்கு ஒரு தாள் இருக்கிறது, நகலுக்கு நகல் எடுத்து எழுத்தெல்லாம் மங்கிப் போன தாள். சாவி, குடை, மேகம் என்று மூன்று வார்த்தை சொல்வார்கள். ஐந்து நிமிடம் கழித்து அந்த மூன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்ட வேண்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். எப்போதும் அதே மூன்று வார்த்தை, அதே பதினொன்று பத்து.

முதல் தடவை என் கணவர் வரைந்த கடிகாரத்தில் பன்னிரண்டு எண்களும் வலது பக்கம் வந்து ஒண்டிக்கொண்டன. முள்ளே போடவில்லை. ஆயுள் முழுக்க நேரத்தைக் கட்டி மேய்த்த மனிதர். தாளைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் விட்டார். வராந்தாவில் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு, "நீ டீச்சர்தான, எனக்குச் சொல்லிக்குடேன்" என்றார்.

அவர் என்னை டீச்சர் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அது ஒரு வேலை என்று அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்குள் மருந்து தொடங்கிவிட்டது. ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப். பிறகு மாத்திரை, மாதம் ஒரு தடவை இன்னொரு கடுமையான டிரிப். முடி கொட்டியது, முகம் வீங்கியது. நாலாவது மாதம் கடிகாரத்தைக் காம்பஸ் வைத்ததுபோல வரைந்தார். பென்சில் டாக்டருக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் டீ போட்டேன். வாயில் வைத்துவிட்டு, "இந்தா, இது டீயா கழனித்தண்ணியா?" என்றார்.

நான் அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அடுப்பங்கரையில் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். புருஷன் பிழைத்து வந்துவிட்டான், வேறென்ன வேண்டும்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "இது திரும்பி வரலாம்மா. வந்தா எங்க மெஷினுக்கு முன்னாடி உங்க கண்ணுக்குத்தான் தெரியும். கொஞ்சம் மாறினாலும் உடனே ஒரு போன் பண்ணிடுங்க, எந்த நேரமானாலும் சரி. சீக்கிரம் பிடிச்சா நிறுத்திடலாம்." தன் சொந்த எண்ணைக் கொடுத்தார். நான் தலையாட்டினேன்.

ஒரு வருடமும் இரண்டு மாதமும் போயின. இந்தா, ஏய், காது என்ன செவிடா. ஸ்டீராய்டு சேர்ந்ததால் முன்பைவிடக் குரல் கூடியிருந்தது. நான் எதுவும் குறை சொல்லவில்லை. ஒருமுறை மட்டும் கேட்டேன்: "உடம்பு சரியில்லாதப்ப என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டீங்க, ஞாபகம் இருக்கா?" அவர் செய்தித்தாளை மடக்காமலேயே, "அப்ப பைத்தியம் பிடிச்சிருந்துச்சு" என்றார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றார். "வெயில்ல நிக்கிறியே, சாப்பிட்டியா?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மெஷினுக்கு முன்னாடி என் கண்ணுக்குத் தெரியும் என்று டாக்டர் சொன்னது சரிதான். உள்ளே போய்ப் போனைக் கையில் எடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்தேன், எண்ணையும் தேடி எடுத்தேன். அப்போது அவர் வாளியோடு உள்ளே வந்து, "யாருக்குப் போன்? வா, ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம்" என்றார். போனை வைத்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றுதான் வைத்தேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். பரீட்சை இருக்கும் என்பது தெரியும். பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் நாங்கள் என்ன செய்வோம் என்று வெளியாட்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். அவர் எந்தப் பாடத்தில் என்ன கேள்வி கேட்பார் என்பது எங்களுக்கு அத்துப்படி. அந்தக் கேள்விகளை மட்டும் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்போம். எழுத்தே தெரியாத பிள்ளையும் எழுந்து நின்று கணீரென்று ஒப்பிக்கும். இன்ஸ்பெக்டர் 'மிக நன்று' என்று எழுதிவிட்டுப் போவார். யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் முப்பத்தோரு வருடமும் நினைத்தேன்.

என்னிடம் பழைய சிலேட்டு ஒன்று இருந்தது. தினமும் காலையில் டீ குடித்ததும் உட்கார வைப்பேன். "முதல்ல பன்னெண்டு எங்க போடணும்? உச்சியில. ஆறு? காலடியில. இப்ப ரெண்டு கையையும் நீட்டுங்க, மூணும் ஒன்பதும்." இந்த நாலையும் போட்டுவிட்டால் மற்றவை தானாக இடத்தில் விழும். சின்ன முள் பதினொன்றில், பெரிய முள் இரண்டில். முதல் நாள் பதினேழு தடவை வரைந்தார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று பாட்டாகவே கற்றுக்கொடுத்தேன். மூன்று வார்த்தைக்கு ஒரு வழி வைத்திருந்தேன்: சாவியை எடுத்துக் கதவைத் திற, குடையை எடு, மேலே பார், மேகம். சரியாகச் சொன்னால் தலையில் தட்டிக்கொடுப்பேன். தலையைக் குனிந்து காட்டுவார். இவ்வளவு நல்ல மாணவன் எனக்கு ஒரு வகுப்பிலும் அமையவில்லை.

டாக்டர் முன்னால் எல்லாவற்றையும் பிசிறில்லாமல் செய்தார். முப்பதுக்கு இருபத்தொன்பது. டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல எப்படிம்மா இருக்கார்? கோபம்லாம் வருதா?"

"அதுக்கென்ன குறைச்சல் டாக்டர். நேத்துகூட டீ சூடு இல்லைன்னு கத்தினார்."

"அப்ப நல்லாத்தான் இருக்கார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவரும் எங்களைப் பார்த்துச் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

அன்று டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். அவர் முன்னால் இருந்த தாள் அப்படித்தான் சொன்னது, வீட்டுக்காரியும் அப்படித்தான் சொன்னாள். யாராக இருந்தாலும் குறைத்திருப்பார்கள். ஸ்கேன் ஒன்று எடுத்துவிடலாம் என்று தேதி கொடுத்தார். அந்தத் தேதியில் காய்ச்சல் என்று போன் செய்து தள்ளிப்போட்டேன். அடுத்த தேதியில் மகன் வருகிறான் என்றேன். மூன்றாவது தடவை டாக்டரே கூப்பிட்டு வற்புறுத்தினார். அந்த ஸ்கேன் குழாய்க்குள் படுக்க என் வீட்டுக்காரருக்குப் பயம், மனசு தேறட்டும் என்றேன். இவையெல்லாம் உங்கள் பதிவேட்டில் இருக்கும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள். கொடுத்த மாத்திரையை மட்டும் நான் ஒரு வேளைகூடத் தவற விடவில்லை. அந்தப் பழி என் மேல் வரக் கூடாது.

அப்படி ஐந்து மாதம். என் வாழ்க்கையில் நன்றாக இருந்த ஐந்து மாதம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். டிப்போவுக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. பள்ளி விட்டு வந்தால் வாசலிலேயே நிற்பார். என் பையை வாங்கிக்கொள்வார். நாற்பது பிள்ளைகளின் கதையையும் கேட்பார், மறுநாள் மறந்துவிடுவார், அதையே திரும்பச் சொல்வேன். என் பெயரைக் கூப்பிட்டார். சில நாள் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து கிடப்பார், ஆணி அடிக்கிறது என்பார். அப்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். நெற்றியில் ஈரத்துணி போட்டுப் பக்கத்திலேயே இருப்பேன். முந்தைய இருபத்தாறு வருடத்தில் என்னை அவர் பக்கத்தில் இருக்க விட்டதில்லை.

இனி அந்தக் காலையைச் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ்காரர்களிடம், "இப்பத்தான், அஞ்சு நிமிஷம் முன்னாடி விழுந்தார்" என்று சொன்னேன். உங்கள் கோப்பில் பதினொன்றே முக்கால் என்று இருக்கிறது. அது தப்பு, அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள். அவர் விழுந்தது ஏழு இருபதுக்கு.

சிலேட்டில் வரைந்துகொண்டிருந்தார். பன்னிரண்டு போட்டார், ஆறு போட்டார், வலது கையிலிருந்து குச்சி நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே வலது பக்கமாகச் சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. நான் தலையணை வைத்து நிமிர்த்திப் படுக்க வைத்தேன். கண் திறந்திருந்தது, என்னைத் தெரிந்தது. இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார், அப்படி ஒரு பிடி.

போன் மேஜை மேல், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது. அப்போது நான் நினைத்ததை அப்படியே எழுதுகிறேன். போன் செய்தால் வருவார்கள். டிரிப் போடுவார்கள். ஐந்து நாளில் குணமாகிவிடும். குணமானால் அந்த மனிதர் திரும்பி வந்துவிடுவார், இவர் போய்விடுவார். இவரை வழியனுப்பக் கொஞ்ச நேரம் வேண்டும் என்று தோன்றியது. அரை மணி நேரம்தான் என்று வைத்துக்கொண்டேன்.

அவருக்குப் பேச்சு குழறியது. இருந்தாலும், "நீ... சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சாப்பிடு" என்றார்.

அதனால் சாப்பிட்டேன். ரொட்டியும் டீயும் எடுத்து வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு கையை அவரிடம் கொடுத்துவிட்டு மறு கையால் சாப்பிட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான் சாப்பிட்டேன். எட்டரை மணிக்குப் பேச்சு நின்றது. பத்து மணிவாக்கில் கைப்பிடி தளர்ந்தது. பள்ளிக்கு வர முடியாது என்று தலைமையாசிரியைக்குத் தகவல் சொன்னேன். ஆமாம், அதற்குப் போனை எடுத்தேன். தட்டைக் கழுவி வைத்தேன், சிலேட்டைத் துடைத்தேன், பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

முன்பே கண்டுபிடித்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று உங்கள் பெரிய டாக்டர் சொன்னார். அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார்: உடனே கொண்டுவந்துட்டீங்க, இருந்தும் இப்படி ஆயிடுச்சு, முன்னாடியே அறிகுறி தெரிஞ்சிருந்தா தடுத்திருக்கலாம், உங்களுக்கெப்படித் தெரியும் என்று. எனக்குத்தான் தெரியும். வேறு யாருக்கும் தெரிய நான் விடவில்லை. இதில் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். போலீஸுக்குக் கொடுப்பதானால் கொடுங்கள். மகனிடம் மட்டும் நானே சொல்லிக்கொள்கிறேன். பென்சில் டாக்டருக்கு அவருடைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். நேற்றுவரை என்னை வார்டுக்குள் விட்டார்கள், இன்றும் விடச் சொல்லுங்கள். எல்லாப் பேச்சும் போய்விட்டாலும் அவருக்கு மூன்று வார்த்தை மிச்சம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டு என்னிடம் வந்து சொன்னாள்: "மத்தவங்க யாரைப் பாத்தாலும் சும்மாதான் இருக்கார்மா. நீங்க கதவுகிட்ட வந்தா மட்டும் உடம்பை நிமித்தி உக்காரப் பாக்கிறார். சாவி, குடை, மேகம்னு சொல்லிட்டுத் தலையைக் குனியிறார். பயந்த மாதிரி இருக்கு. ஏன்மா அப்படி?"

அந்தப் பெண் அவரைப் பார்க்க ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா. தினமும் தலையில் தட்டிக்கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டேன் என்று பதில் சொல்கிறேன்.